இருபது ஏடும் ஒரு தாழம்பூவும்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் பக்கத்து நாட்டார் சண்டைக்கு வருவார்கள்; பெயர் வேண்டாம். அந்த நாட்டு ராஜாவுக்கு மாதம் ஓர் ஆசை வரும். வந்த ஆசை தீருவதற்குள் ஊர்க்காரர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அவர் சபையில் தாண்டவன் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். ஊரைக் காப்பாற்றுவது உபரி வேலை.

அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. சின்னப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். ஓலையும் எழுத்தாணியும் பத்து வயதுக்கு மேல்தான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார். ஒரு பிள்ளைக்குப் பூவின் பெயர், அடுத்த பிள்ளைக்குப் பறவையின் பெயர், அதற்கடுத்த பிள்ளைக்கு மிருகத்தின் பெயர். அதை வழியில் தொலைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவந்து ஒப்பிக்க வேண்டும். வீட்டுப்பாடம் அவ்வளவுதான்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, பள்ளி விட்டு வந்த ராஜகுமாரி மரகதவல்லி நேரே சபைக்குள் ஓடிவந்து அப்பா மடியில் ஏறிக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சபை ஏது, தூதர் ஏது?

"இன்று என்ன படித்தாய், கண்ணே?"

"தாழம்பூ!"

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லே. தாழம்பூதான்."

தூதர் மீசைக்குள் சிரித்தார். "எங்கள் நாட்டில் இந்த வயதுப் பிள்ளைகள் வாய்பாட்டைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள், மன்னா. இங்கே பூவோடு நிறுத்திக்கொள்கிறீர்கள் போலும். அதுவும் அழகுதான்."

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார் ஏகாம்பரப் பண்டிதர். தாண்டவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார், தாம் பாட்டெடுத்தால் கொட்டாவி விடுகிறார் என்று பண்டிதருக்குப் பல வருஷப் புகைச்சல்.

"மகாராஜா! பள்ளி விட்டதும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். குறை அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தினந்தோறும் வீட்டில் இருபது ஏடு எழுதி வரட்டும். ஆறே மாதத்தில் அந்தத் தூதர் தலை குனிவார்."

"ஆறு வயதுப் பிள்ளையுமா?"

"ஆறு வயதுப் பிள்ளைதான் முதலில், மகாராஜா."

ஆணையைப் பண்டிதரே எழுதினார், பண்டிதரே வாசித்தார். 'தினம் இருபது ஏடு. ஒரு பிழைக்கு ஓர் அடி வீதம், எழுதியவருக்குப் பிரம்படி. அடி வாங்கியவர் இருபது ஏட்டையும் திரும்ப எழுத வேண்டும். இந்த ஆணையிலிருந்து எவருக்கும் விலக்கில்லை.' ராஜா முத்திரை வைத்தார். நாட்டிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் பண்டிதரே மேற்பார்வை.

பத்து நாள் போயிற்று. தெருவில் பிள்ளைகளின் சத்தம் இல்லை. பம்பரம் சுற்றவில்லை, பாண்டி ஆட்டம் இல்லை. நாய்கள்கூட, யார் துரத்தப் போகிறார்கள் என்று கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டுப் படுத்துக்கொண்டன.

பதினோராம் நாள், விளக்கு வைத்துச் சற்று நேரம் இருக்கும். தாண்டவன் வீட்டில் அவன் மகள் அல்லி, மூன்றாவது ஏட்டின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். தாண்டவன் அவள் விரல்களிலிருந்து எழுத்தாணியை மெல்ல எடுத்துவிட்டு, அந்த ஏட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். அடுக்களையிலிருந்து அவன் பெண்டாட்டி செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"மெதுவாப் பேசு. குழந்தை வீட்டுப்பாடம் எழுதறா."

"குழந்தை தூங்கறா."

"அதான் நான் எழுதறேன்."

"வெட்கமா இல்லே? ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஆளு!"

"எதிர்வீட்டுக் குயவர் மக கையைப் பார்த்தியா? அப்பன் எழுதின பிழைக்கு அது உள்ளங்கை வீங்கிக் கிடக்கு. நானாவது ஒழுங்கா எழுதணுமா வேண்டாமா?"

"அது சரி. கட்டைவிரலைப் பாருங்க முதல்லே. சட்டிக்கு அடிப்பக்கம் மாதிரி இருக்கு."

ஓலையில் எழுத்தாணியால் கீறினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மேலே தடவித் துடைத்தால்தான் தெரியும். எழுதும்போது எழுத்தாணிக்கு முட்டுக் கொடுப்பது இடதுகைக் கட்டைவிரல் நகம். கரி போய் அந்த நகக்கண்ணில் உட்கார்ந்துகொள்ளும்.

"தேய்ச்சாப் போயிடும்" என்றான் தாண்டவன்.

"போகும், போகும்! காலையிலே தண்ணிக்குப் போனேன். குளத்தங்கரையிலே பதினஞ்சு ஆம்பிளைங்க வரிசையா நின்னு கட்டைவிரலைக் கல்லுலே தேய்க்கிறாங்க. ஏதோ புது நோன்பு போலேன்னு நினைச்சுக்கிட்டேன். ஒருத்தருக்கும் போகலே. மூணு நாளாகுமாம்."

தாண்டவன் எழுதுவதை நிறுத்தினான். தன் கட்டைவிரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"செங்கமலம், நீ ராஜசபையிலே இருக்க வேண்டியவ."

"நான் இருந்திருந்தா இந்த ஆணையே வந்திருக்காது."

மறுநாள் சபையில் தாண்டவன் எல்லாருடைய கைகளையுமே பார்த்துக்கொண்டிருந்தான். தளவாய் வீரபாகு கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு கும்பிட்டார். நல்ல கோடைக்காலம், ஆனால் ராஜாவின் இடதுகை மட்டும் பட்டுச் சால்வைக்குள் இருந்தது. தாண்டவன் அதையும் பார்த்தான். பார்க்காததுபோல உத்தரத்தைப் பார்த்தான்.

பண்டிதர் மார் தட்டினார். "மகாராஜா, ஆணை பெருவெற்றி! பள்ளிகளில் ஏடுகள் மலைபோல் குவிகின்றன!"

"ஏடு குவிகிறது, மகாராஜா. பிள்ளைகளின் தலைக்குள் ஒன்றும் போகவில்லை" என்றான் தாண்டவன்.

"விகடம் பேசுகிற இடமா இது? அரச ஆணையைப் பழித்திருக்கிறீர். மெய்ப்பிக்க முடியுமா?"

"முடியும்."

"முடியாவிட்டால்?"

"நீரே சொல்லும், பண்டிதரே."

பண்டிதருக்கு வாயூறியது. "கழுதை மேல் ஏறி, மனைவி மகளோடு எல்லை தாண்டிப் போய்விட வேண்டும். இந்த நாட்டு மண்ணைத் திரும்ப மிதிக்கக் கூடாது."

ராஜா சங்கடத்தோடு நெளிந்தார். ஆனால் தாம் முத்திரை வைத்த ஆணையைத் தாமே எப்படி விட்டுக்கொடுப்பது? "பௌர்ணமியன்று சபையில் மெய்ப்பி, தாண்டவா" என்றார்.

"உத்தரவு, மகாராஜா. அன்று எல்லாப் பிள்ளைகளும், எல்லா ஏடுகளும் இங்கே வரட்டும். கழுதை மட்டும் கொஞ்சம் நல்ல கழுதையாக இருக்கட்டும். என் பெண்டாட்டி எதிலும் குறை சொல்வாள்."

வீட்டில் செங்கமலம் குறை சொல்லிக்கொண்டே மூட்டை கட்டினாள். "அம்மிக்கல்லையும் கட்டவா, வேண்டாமா?"

"நாம எங்கேயும் போகலே, செங்கமலம்."

"அது உங்களுக்குத் தெரியும். கழுதைக்குத் தெரியுமா?"

பௌர்ணமி வந்தது. அரண்மனை வாசலில் பண்டிதர் தம் கையாலேயே கழுதையைக் கட்டிவிட்டு உள்ளே வந்தார். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். நடுவில் ஏட்டுக் கட்டுகள் குவிந்து கிடந்தன.

தாண்டவன் ஒரு கட்டை எடுத்தான். "பண்டிதரே, இதில் பிழை பாரும்."

பண்டிதர் ஓலைகளைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் புருவம் ஏறியது. "இதென்ன, வரி கோணலாக ஓடுகிறது! ஏழெட்டு ஐம்பத்துநாலாம்! ஒன்று, இரண்டு... ஏழு பிழை! இதை எழுதியவருக்கு மண்டையில் மூளைக்குப் பதில் மோர்தான் இருக்க வேண்டும். அதுவும் புளித்த மோர்!"

சிம்மாசனத்தில் ராஜா ஒரு முறை இருமினார்.

"பொறுமையாகப் பாரும். ஏழு பிழை நிச்சயமா?"

"நான் பார்த்த பிழையில் பிழை இருக்காது! ஏழு அடி. மோருக்கு ஒன்று சேர்த்து எட்டாகவே கொடுக்கலாம்."

"ஆணைப்படி, எழுதியவருக்குத்தானே அடி?"

"வேறு யாருக்கு? எழுதாதவருக்கா?"

"எவருக்கும் விலக்கில்லையே?"

"எவருக்கும் இல்லை! என் கையால் எழுதிய ஆணை அது!"

"நல்லது. இது யாருடைய கட்டு என்று தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் இதில் கட்டியிருந்த பட்டுக்கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சணலால் கட்டி வைத்தேன்." தாண்டவன் இடுப்பிலிருந்து ஒரு பட்டுக்கயிற்றை எடுத்துத் தொங்கவிட்டான். பண்டிதரின் முகம் வெளுத்தது. பட்டுக்கயிறு கட்டி வரும் கட்டு நாட்டில் ஒன்றே ஒன்றுதான். அதை அவர் ஒருநாளும் பிரித்தே பார்த்ததில்லை. பிரிக்காமலே 'பிழையில்லை' என்று குறித்து அனுப்பிவிடுவார்.

"ராஜகுமாரி, இங்கே வாங்க அம்மா" என்றான் தாண்டவன். "இதை எழுதியது யாரு?"

மரகதவல்லி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "நான் இல்லே."

"கையைக் காட்டுங்க."

இரண்டு பிஞ்சுக் கைகளையும் விரித்தாள். துளிக் கரி இல்லை.

"பிள்ளைகளே, எல்லாரும் கையைக் காட்டுங்க!"

நூறு ஜோடிக் கைகள் உயர்ந்தன. இருபது ஏடு எழுதிய கைகள்! ஒரு நகத்திலும் கரி இல்லை. குயவர் மகளின் உள்ளங்கை மட்டும் சிவந்திருந்தது.

"இப்போது பெரியவர்கள். தளவாய் அவர்களே, இடதுகைக் கட்டைவிரல்?"

தளவாய் தொண்டையைச் செருமினார். "பீரங்கி துடைத்தேன்."

"நம் நாட்டில் பீரங்கியே இல்லையே, ஐயா!"

"...பையனுக்குக் காய்ச்சலாக இருந்தது" என்றார் தளவாய், குழந்தைபோல. சபையில் ஒவ்வொரு கையாக வெளியே வந்தது. எல்லாக் கட்டைவிரலிலும் கறுப்பு. ஒரே ஒரு கை மட்டும் சால்வைக்குள் இருந்தது.

யாரும் அந்தப் பக்கம் பார்க்கத் துணியவில்லை. மரகதவல்லிதான் துணிந்தாள். "அப்பா, காட்டுங்கப்பா. உங்களுதுதான் எல்லாரையும்விடக் கறுப்பு!"

ராஜா சால்வையை விலக்கினார்.

பண்டிதர் தடாலென்று விழுந்து வணங்கினார். "மகாராஜா! சரியாகப் பார்க்கவில்லை. இது பிழையே இல்லை. புதுக்கணக்கு! அரசர்கள் சொன்னால் ஏழெட்டு ஐம்பத்துநாலும் ஆகும்!"

"புளித்த மோர் என்றீரே, பண்டிதரே?" என்றார் ராஜா.

"மோர் உடம்புக்கு மிகவும் நல்லது, மகாராஜா..."

ராஜா மகளைப் பார்த்தார். "பதினைந்து நாளாக இந்தக் குழந்தை உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாள். என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆணை ஆணைதான். ஏழு அடி. எடும் பிரம்பை!" கையை நீட்டினார்.

பண்டிதர் பிரம்பை எடுத்தார், கீழே வைத்தார், திரும்ப எடுத்தார். அடித்தால் தலை போகும். அடிக்காவிட்டால் அவர் எழுதிய ஆணை போகும்.

தாண்டவன் நடுவில் வந்தான். "மகாராஜா, அடி வாங்குவதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்துவது என் கடமை. ஆணையில் அடுத்த வரி ஒன்று இருக்கிறது. அடி வாங்கியவர் இருபது ஏட்டையும் திரும்ப எழுத வேண்டும்."

ராஜாவின் கை பாம்பைத் தொட்டதுபோலப் பின்னால் போயிற்று. "திரும்பவா? இருபதுமா? அடியைக்கூட வாங்கிக்கொள்வேனடா தாண்டவா, அதை மட்டும் என்னால் முடியாது! ஆணை ரத்து! இந்தக் கணமே ரத்து!"

சொல்லிவிட்டு, தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே காதில் விழ, சிரிக்க ஆரம்பித்தார். தளவாய் சிரித்தார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் விழித்து, என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். பண்டிதருக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சிரித்து ஓய்ந்தபின் ராஜா கேட்டார்: "அப்படியானால் வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறாயா?"

"நான் எப்போது அப்படிச் சொன்னேன், மகாராஜா? ராஜகுமாரி, தூதர் வந்த அன்னிக்கு என்ன பேர் கொண்டு வந்தீங்க?"

"தாழம்பூ!" தூக்கம் பறந்துவிட்டது. "அதுக்கு ஓரத்திலே முள்ளு இருக்கு. உள்ளே மஞ்சளா இருக்கும். ஆத்தோரம் முளைக்கும்னு படகுக்காரர் சொன்னாரு. அம்மா புடவைப் பெட்டியிலே ஒண்ணு வெச்சாங்க, இன்னும் வாசனை போகலே! பாம்பு வரும்னு சமையக்காரம்மா சொன்னாங்க, நான் பார்த்தேன், வரலே."

"இந்த இருபது ஏட்டுலே என்ன இருந்தது?"

மரகதவல்லி யோசித்தாள். "அப்பாவைக் கேளுங்க."

தாண்டவன் கைகூப்பினான். "ஒரு பெயர்தான் போயிற்று, மகாராஜா. வீட்டில் எத்தனை பேரிடம் கேட்டு எவ்வளவு கொண்டுவந்திருக்கிறது பாருங்கள். பிள்ளை தானே தூக்கிப் போகிற பாடமாகக் கொடுத்தால் பிள்ளை படிக்கும். அதற்கு மேல் ஏற்றினால் வீட்டில் பெரியவர்கள்தான் தூக்க வேண்டும்."

ராஜா எழுந்து வந்தார். கரி அப்பியிருந்த அந்தப் பட்டுச் சால்வையைத் தோளிலிருந்து எடுத்துத் தாண்டவனுக்குப் போர்த்தினார். "இது உனக்கு. நாளையிலிருந்து பழைய வழக்கமே நடக்கட்டும். பண்டிதரே, உமக்கும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. ஏழெட்டு எவ்வளவு என்று நாளைக் காலையில் வந்து சபையில் சொல்லும்."

தாண்டவன் சால்வையோடு வீட்டுக்கு வந்தபோது செங்கமலம் மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். சால்வையைப் பார்த்தாள், கரியைப் பார்த்தாள், மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் சாயங்காலம் அல்லி ஒற்றைக்காலில் தாவித் தாவி வந்தாள், வழியில் பெயர் தொலைந்துவிடாமல் வாயை இறுக மூடிக்கொண்டு.

"என்ன பேர் கொண்டாந்தே, தங்கம்?"

"கழுதை! அம்மா, அம்மா, கழுதையைப் பத்திச் சொல்லும்மா!"

"எனக்கென்னடி தெரியும்?" என்றாள் செங்கமலம். "உங்கப்பாவைக் கேளு. அவருக்குத்தான் ரொம்பக் கிட்டத்திலே வந்துட்டுப் போச்சு."