ஜெஃப்ரியின் குரல்

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு வருஷம் எட்வின் ஹார்ப்பர் தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தான். பிரிட்டிஷ் விமானப்படையில் சண்டை விமானம் ஓட்டியவன். பதக்கம் வாங்கியவன். சண்டை ஓய்ந்து வீட்டுக்குப் போன பிறகும் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கப்பல் ஏறிவிட்டான்.

மடத்துத் தலைவர் வேலப்ப சுவாமிகள் அவனிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. மடப்பள்ளியில் மாசானத்துக்குக் காய் நறுக்கிக் கொடுக்கச் சொன்னார். சமையல்காரன் மாசானம்தான் அவனுக்குத் தமிழ் பழக்கினான். வாய் நிறைய "தொரை" என்று கூப்பிடுவான்.

ஒரு குருபூஜையன்று கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரை சரிந்து மாசானத்தின் மேல் கொட்டிவிட்டது. வைத்தியர் வந்து பார்த்தார். வாழையிலையில் கிடத்தச் சொன்னார். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

"தொரை, தொரை" என்று மாசானம் அலறினான்.

எட்வின் அங்கே நிற்கவில்லை. ஆற்றோரம் வெகுதூரம் ஓடிப்போய், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சுவாமிகள் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"அவன் அலறல் இவ்வளவு தூரத்துக்குக் கேட்காதே" என்றார்.

"இது மாசானம் குரல் இல்லை, சுவாமி."

"யாருடையது?"

"ஜெஃப்ரி. என் சினேகிதன். எனக்குப் பக்கத்து விமானத்தில் பறந்தவன். கடலுக்கு மேலே அவன் விமானம் தீப்பிடித்துக்கொண்டது. வெளியே குதிக்க மேல்மூடி திறக்கவில்லை. ரேடியோவில் என் பேரைச் சொல்லிக் கத்தினான். நான் ரேடியோவை நிறுத்திவிட்டேன்."

"நிறுத்தாமல் இருந்தால் பிழைத்திருப்பானா?"

"மாட்டான். ஆனால் விழுகிறவரைக்கும் ஏதேதோ சொல்லியிருப்பான். கேட்க ஆளில்லாமல் போயிற்று."

ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"இந்தக் குரல் எப்போது நிற்கும், சுவாமி?"

"நிற்காது."

"இப்போது மாசானத்திடம் போய் உட்கார்ந்தால்?"

"அப்போதும் நிற்காது. அவன் குரலும் சேர்ந்துகொள்ளும்."

எட்வின் காதிலிருந்து கையை எடுத்தான்.

"மாசானம் பிழைத்துக்கொள்வானா?"

"பொழுது சாய்கிறவரை தாங்கமாட்டான்."

"அவனுக்கும் பிரயோசனமில்லை, எனக்கும் விடிவில்லை. பிறகு எதற்காக நான் போகவேண்டும்?"

சுவாமிகள் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"உன்னைத்தானே கூப்பிடுகிறான்" என்றார்.