டப்பாவோடு உட்கார்ந்த டாக்டர்

குழந்தை மருத்துவம் படிக்க வந்தபோதே இளம்பரிதிக்குத் தலை நரைத்திருந்தது. பாடம் சொல்லும் டாக்டர் நூர்ஜஹானோ அவரைவிட இளையவர். வார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இளம்பரிதியைத்தான் பெரிய டாக்டர் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். அதில் இவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அன்று காலை ஏழு மாதக் குழந்தை கவினுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மூன்று நாள் காய்ச்சல். பாலும் குடிக்கவில்லை. பல் முளைக்கிறது என்று ஊரே சொன்னது, தாய் மல்லிகா மட்டும் நம்பவில்லை.

"எம்புள்ளைய எப்படியாச்சும் காப்பாத்துங்க சார்" என்று அழுதாள்.

இளம்பரிதி தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். ஒன்றும் பிடிபடவில்லை. பயந்துபோய், குழந்தைக்குப் போட ஊசியில் மருந்தை ஏற்றினார்.

நூர்ஜஹான் அந்தக் கையைப் பிடித்தார்.

"எதுக்கு இந்த மருந்து?"

"தொண்டையில இல்ல, காதுல இல்ல, நெஞ்சுல இல்ல. எங்கேயோ கிருமி ஒளிஞ்சிருக்கு மேடம்."

"எங்கேன்னு அவனையே கேளுங்க."

"ஏழு மாசக் குழந்தை என்ன மேடம் சொல்லும்?"

நூர்ஜஹான் கிருமி நீக்கிய டப்பா ஒன்றை அவர் கையில் திணித்தார். கவினின் ஜட்டியை அவிழ்த்தார், நன்றாகக் கழுவித் துடைத்து அம்மா மடியில் கிடத்தினார். குளிர்ந்த ஈரப் பஞ்சால் அடிவயிற்றை மெல்லத் தேய்த்தார்.

"சொல்லுவான். கண்ணை எடுக்காம உட்காருங்க."

உட்கார்ந்தார். அத்தனை நரையோடு, கையில் டப்பாவோடு! பக்கத்துக் கட்டில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மானம் கப்பலேறியது. அவர் கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

சர்ரென்று வந்தது! முதல் தாரை அவர் மூக்குக் கண்ணாடிக்கு. நடுத்தாரை அப்படியே டப்பாவுக்குள்.

"பிடிச்சுட்டேன்!" என்று கத்தினார். வார்டே கைதட்டியது.

சிறுநீர் கலங்கலாக இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சீழ் அணுக்கள் மொய்க்கின்றன. எந்தக் கிருமி என்று அறிய மீதியைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, சிறுநீர்த் தொற்றுக்கான மருந்தை உடனே போட்டார்கள். மறுநாள் மாலை கவினுக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டது. அம்மாவை முட்டி முட்டிப் பால் குடித்தான். மல்லிகா அழுதுகொண்டே சிரித்தாள்.

இளம்பரிதிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனாலும் ஒன்று மனசைக் குடைந்தது.

"ஸ்டெத்தைக்கூட எடுக்காம எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"தொண்டையில இல்ல, காதுல இல்ல, நெஞ்சுல இல்லன்னு நீங்க சொன்னீங்க. நான் நம்பினேன், மிச்சமிருந்தது யூரின்தானே. நீங்கதான் சார் நம்பல."