பிரித்த மெழுகு

"என் குடிசையை எதுக்கு அன்னைக்கே பிரிச்சீங்க?"

தலை நரைத்தபின் மலையேறி வந்த பரஞ்சோதி கேட்ட முதல் கேள்வி இது. நலம்கூட விசாரிக்கவில்லை.

அமிர்தவல்லி அம்மாள் தேன்பெட்டியருகே குந்தியிருந்தார். ஆசிரமத்துக்கு அவர்தான் இப்போது குரு. ஒரு காலத்தில் இருவரும் ஒரே குருவின் சீடர்கள், சேர்ந்து விறகு பொறுக்கியவர்கள்.

அங்கே ஒரு வழக்கம். குருவுக்கு வயதாகிவிட்டால், அடுத்த குருவாகத் தகுந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் குடிசை போட்டுப் பாடம் சொல்வார்கள். ஒருவர் குருவானதும் மற்றக் குடிசைகளை அன்றே பிரித்துவிடுவார்கள். அமிர்தம் குருவான அன்று கோபித்துக்கொண்டு இறங்கிப் போனவர்தான் பரஞ்சோதி. போன இடத்தில் கடை வைத்தார், பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தார், நன்றாகத்தான் இருந்தார். ஆனால் மழை பெய்தால் போதும், அந்தக் குடிசையின் நனைந்த ஓலை வாசம் வந்து மனசைப் பிசையும்.

"உள்ளதைச் சொல்லுங்கம்மா. என்னை வளர்த்ததெல்லாம் வீண்தானே?"

"என்ன ஜோதி, புதுசா அம்மாங்கிற? விறகு பொறுக்கினப்போ அமிர்தம்தானே?" அம்மாள் சிரித்தபடி பெட்டியைத் திறந்தார். "இங்க பாரு."

தேனடையின் விளிம்பில் ராணித் தேனீக்கான அறை ஒன்று வேர்க்கடலை மாதிரித் தொங்கியது. புது ராணி வேறோர் அறையிலிருந்து ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. இந்த அறையின் பக்கத்தில் அது கடித்த ஓட்டை. உள்ளே செத்துக் கிடந்த இன்னொரு ராணியை வேலைக்காரத் தேனீக்கள் இழுத்துப் போட்டன. பிறகு சுவரைக் கடித்துப் பிய்க்க ஆரம்பித்தன.

"பாவிங்க," என்றார் பரஞ்சோதி. "ராணிக்குன்னு கட்டினாங்க. ராணியாகணும்னு ஊட்டினாங்க."

"நேத்து பக்கத்துல இன்னொண்ணைப் பிரிச்சாங்க. அந்த மெழுகு எங்கன்னு தேடு."

பரஞ்சோதி பெட்டிக்கு அடியில் பார்த்தார். மண்ணைக் கிளறினார். செத்த தேனீ இருந்தது, உதிர்ந்த இறகு இருந்தது. மெழுகு மட்டும் இல்லை.

"காணோமே."

"சாப்பிட்டுட்டு வந்து தேடு."

சாப்பாட்டுக் கூடம் அவர் காலத்தில் கிடையாது. அப்போதெல்லாம் மழையில் மரத்தடியில் ஒண்டிக்கொண்டு, சோற்றில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சாப்பிடுவார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு இருந்தது.

நடுத்தூண் பக்கம் இடம் கிடைத்தது. சாய்ந்தார். முதுகில் ஏதோ நெருடியது.

திரும்பினால், தூணில் ஆணியால் கீறிய ஓர் ஆடு. மூன்றே கால். அவரே தன் குடிசைத் தூணில் கீறியது; நாலாவது காலைக் கீறப் போகும்போதுதான் குரு பாடத்துக்குக் கூப்பிட்டார். "ஜோதி!" என்ற அந்தக் குரல் இப்போதும் கேட்டது.

பரஞ்சோதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இந்தத் தூணை எப்ப நட்டாங்க, தாயி?" என்று பரிமாற வந்த பெண்ணிடம் கேட்டார்.

"தெரியலைங்க. நான் வந்தப்பவே கூரை இதுமேலதான் நின்னுச்சு. சாப்பிடுங்க, ஆறுது."

சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தார். மெழுகைத் தேடித் தேன்பெட்டிப் பக்கம் போகவில்லை; அதுவும் அடையில் எங்கோ சேர்ந்திருக்கும்.

"ஓர் ஆணி கிடைக்குமா, தாயி?"