எழுபத்திரண்டும் முடித்தவர்

கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சிதம்பரநாதனுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த யோகவல்லிக்கு அவர் மகள் வயதுதான். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. அன்றைக்கு அது காற்றில் பறந்தது.

செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"நவராத்திரிக் கச்சேரியில உங்க பக்கத்துல மரகதமா பாடறா?"

"ஆமா சார்."

"என்னோட சேர்ந்துதானே கத்துக்க வந்தா? அவளுக்கு மேளகர்த்தா ராகங்கள்ல நாலு பேராவது தெரியுமா? நான் எழுபத்திரண்டையும் தலைகீழா ஒப்பிப்பேன். ராகத்தோட நம்பரைச் சொல்லுங்க, ஸ்வரம் சொல்றேன். இன்னும் என்னதான் படிக்கணும் நான்?"

யோகவல்லிக்கும் சுள்ளென்று வந்தது. சுருதிப் பெட்டியைப் போட்டாள்.

"மாயாமாளவகௌளை. முதல் சரளி வரிசை. மூணு காலமும் பாடுங்க."

"அது சின்னப் பசங்களோட முதல் பாடம்! என்னை அவமானப்படுத்தறீங்களா?"

"பாடுங்க சார்."

பாடினார். திட்டினார் என்றாலும் தப்பில்லை. தொடையில் அவர் அடித்த தாளம் மாடி வீட்டுக்கே கேட்டிருக்கும். ஆனால் ஒரு ஸ்வரம் பிசகவில்லை, ஒரு அடி தப்பவில்லை. மூன்றாம் காலத்தின் உச்ச வேகத்தையும் ஓடி முடித்து, மூச்சு வாங்க அவளை முறைத்தார்.

"எங்கேயாவது தப்பு உண்டா?"

"கணக்குல இல்ல."

கையை நீட்டிப் பெட்டியைத் திருகினாள். சுருதி எழுந்தது.

"இப்ப அதே ஸாவைப் பிடிங்க."

பிடித்தார். ஒட்டவில்லை. கோபம் ஏற ஏற அவருடைய ஸாவும் ஏறிப்போயிருந்தது. இரண்டும் உரசிக்கொண்டு காதைக் குடைந்தன. சட்டென்று வாயை மூடினார்.

"இது... நின்னா போயிருந்துது?"

"ரெண்டாம் காலத்துலயே நிறுத்திட்டேன். மரகதமா இருந்தா பாட்டை விட்டுட்டு என்னைத் திரும்பிப் பார்த்திருப்பா."

அவர் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ இத்தனை வருஷமா நான் படிச்சது?"

"எழுபத்திரண்டும் முடிச்சிட்டீங்க சார்." பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். "இதைக் கேக்கத்தான் இன்னும் ஆரம்பிக்கல."