சாம்பல் நிற இணைப்புகள்

உப்பளங்களைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு மீனவர் குடியிருப்பு. அங்கே முன்பு போட்ட தண்ணீர்க் குழாய் உப்புக் காற்றில் இணைப்பு இணைப்பாக இற்றுப்போயிற்று. பெண்கள் மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு உப்பள வரப்பில் நடந்தார்கள்.

புதுக் குழாய் போட வந்த மேஸ்திரி ஜெசிந்தாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவரிடம் தொழில் கற்க வந்த இசக்கிமுத்து அவரைவிட நன்றாகவே மூத்தவர். கப்பல் பட்டறையில் வெல்டிங் வைத்துப் பேர் வாங்கியவர். நெருப்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெருப்பு பட்ட இடத்தை என்ன செய்வது என்று கற்கத்தான் வந்திருந்தார்.

குழாயின் மேல் இருக்கும் துத்தநாகத் தோல் வெல்டிங் சூட்டில் கருகிவிடும். அந்த இடத்தில் பூசச் சொல்லி ஜெசிந்தா ஒரு டின் துத்தநாகப் பூச்சைக் கொடுத்தார். அடுப்புச் சாம்பல் மாதிரி மங்கலாக இருந்தது அது. இசக்கிமுத்துவுக்கு மனசு வரவில்லை. கருகலைத் துணியால் துடைத்துவிட்டு, தான் வாங்கிவந்த வெள்ளி பெயின்ட்டை அடித்தார்.

அவர் போட்ட இணைப்புகள் வெயிலில் மின்னின. பக்கத்தில் ஜெசிந்தாவின் இணைப்புகள் அழுது வடிந்தன.

குடத்தோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள். "அண்ணாச்சி வேலை கண்ணாடில்லா" என்றார் ஒரு பெண்.

இசக்கிமுத்து மேஸ்திரியிடம் போனார்.

"ஊரே நல்லாருக்குங்கு. நீங்க ஒண்ணும் சொல்லலியே, மேஸ்திரியம்மா?"

ஜெசிந்தா உளியை எடுத்தார். இசக்கிமுத்துவின் இணைப்பு ஒன்றில் இரும்பு தெரியுமளவுக்கு ஒரு கோடு கீறினார். தன் இணைப்பு ஒன்றிலும் அதே மாதிரி கீறினார்.

இசக்கிமுத்துவுக்கு முகம் சிவந்தது. "நல்லா இருக்கதை எதுக்குக் கெடுக்கீங்க?"

"கீறல் விழாத குழாய் எங்க இருக்கு, அண்ணாச்சி? கயிறு உரசும். கல்லு படும். ஒரு வாரம் போகட்டும்."

ஒரு வாரம் கழித்து இருவரும் போய்ப் பார்த்தார்கள். இசக்கிமுத்துவின் கீறலில் துரு வழிந்திருந்தது, வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிந்த மாதிரி. விரல் பட்டதும் வெள்ளிப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் கருகல் அப்படியே இருந்தது.

ஜெசிந்தாவின் கீறலில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அதைத் துடைத்தார் இசக்கிமுத்து. உள்ளே இரும்பு சுத்தமாக இருந்தது.

"இது எப்படி?"

"இரும்பைத் தின்ன வர்ற உப்புக்குத் துத்தநாகம் தன்னைக் கொடுத்துரும்."

இசக்கிமுத்து கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முதல் இணைப்புக்குப் போனார்.

முன்பு செய்த வேலை அத்தனையையும் தானே சுரண்டினார். வெல்டிங் கசடைத் தட்டினார். கருகல் போய் இரும்பு பளிச்சென்று வரும்வரை தேய்த்தார். டின்னின் அடியில் தங்கிய துத்தநாகத்தைக் கிளறிக் கலக்கினார். கருகிய இடத்தோடு நிற்காமல், சுற்றியுள்ள நல்ல தோலின் மேலும் ஏறும்படி பூசினார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. கை விரல்கள் வெடித்தன. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஜெசிந்தாவும் வரவில்லை.

குடத்தோடு வந்த பெண் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, இப்படி மங்கிப்போச்சு?"

"தண்ணி வரும் தாயீ" என்றார் இசக்கிமுத்து. வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கடைசி இணைப்பும் காய்ந்த அன்று, உளியைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் வந்தார். நெஞ்சை நிமிர்த்தி அதை நீட்டினார்.

"கீறுங்க, மேஸ்திரியம்மா. எதுல வேணும்னாலும்."

ஜெசிந்தா குழாயின் ஓரமாகவே நடந்தார். இசக்கிமுத்து பின்னால் போனார். ஒவ்வொரு இணைப்பாகக் கடந்தார்கள். குடியிருப்பு வந்துவிட்டது. ஜெசிந்தா உளியைத் தன் கருவிப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"ஒண்ணைக்கூடக் கீறலியே?" என்றார் இசக்கிமுத்து.

"கீறச் சொல்லி உளியை நீட்டினவரு வேலையில நான் என்னத்தைப் பாக்கணும், அண்ணாச்சி? தண்ணியைத் திறந்துவிடுங்க."