முன்னால் ஒரு புள்ளி

தோபியாசின் மகன் ஜெரின் பைக்கிலிருந்து விழுந்து செத்துப்போனான். கண் தெரியாத அம்மாவுக்குப் பேப்பர் வாசித்துக்காட்ட ஒரு மென்பொருள் எழுதி வைத்திருந்தான். வாசிக்கும் குரலும் அவனுடையதுதான். ஆனால் மூல நிரலாகவே விட்டுப் போய்விட்டான். எந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றி, அதாவது கம்பைல் செய்தால்தான் அது வாய் திறக்கும்.

மின்வாரியத்தில் கம்பம் ஏறியே காலம் தள்ளிய தோபியாஸ், ஓய்வுபெற்ற பிறகு ஜுலைகா டீச்சரிடம் கம்ப்யூட்டர் படிக்க வந்து உட்கார்ந்தார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"எழவு, அதே பிழைதான். சவுண்டு லைப்ரரி எங்க இருக்குன்னு தெரியலைங்குது. வீட்ல அவ 'பேசுதானா, பேசுதானா'ன்னு உசிரை எடுக்கா. எனக்கு வெறுத்துப்போச்சு டீச்சர்."

"இருக்கிற இடத்தை அதுக்கு யாரு சொல்லணும்?"

"ஜெரினே கட்டளையெல்லாம் சேர்த்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கான். பாதையெல்லாம் அதுல இருக்கு. அதை ஓட்டிட்டுத்தான் கம்பைல் பண்ணுதேன்."

"ஓட்டுங்க."

ஓட்டினார். சத்தமில்லாமல் முடிந்தது.

"இப்ப அந்தப் பாதை என்னன்னு கேளுங்க."

கேட்டார். வெற்று வரிதான் வந்தது.

"இப்பத்தான டீச்சர் வச்சான்! எங்க போச்சு?"

"நீங்க ஓட்டினதும், கட்டளை அடிக்கிற இந்த ஷெல் ஒரு பிள்ளை ஷெல்லைப் பெத்துது. பாதையெல்லாம் அந்தப் பிள்ளைகிட்டதான் இருந்துச்சு. வேலை முடிஞ்சதும் அது போயிருச்சு."

"பெத்ததுக்கு ஒண்ணுமே மிஞ்சலையா?"

"பிள்ளை வச்சிருந்தது பெத்ததுக்குத் திரும்பாது அண்ணாச்சி."

தோபியாஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது ஓயட்டும் என்று டீச்சர் காத்திருந்தாள்.

"அப்ப வழியே இல்லையா?"

"ஸ்கிரிப்ட் பேருக்கு முன்னால ஒரு புள்ளி வச்சு, இடம் விட்டு அடிங்க. பிள்ளையைப் பெக்காம இந்த ஷெல்லே அதை வாசிச்சுக்கிடும்."

"புள்ளியைக் கடைசியிலதான வைப்பாங்க?"

"இதுக்கு முன்னால."

வைத்தார். மறுபடி கேட்டார். பாதை முழுசாக வந்து நின்றது. கம்பைலும் ஓடி முடிந்தது, ஒரு பிழை இல்லை.

தோபியாஸ் சிரிக்கவில்லை. எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இதுல அவனா எதுவும் பேசுவானா? அம்மான்னு ஒரு வார்த்தை?"

"நீங்க எழுதிக் கொடுத்தா வாசிப்பான் அண்ணாச்சி."