மந்திமலையில் ஓர் அட்டை

ஊமத்தம்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவர்களோடு மலையேறப் போனதில்லை. போயிருந்தால் ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

அந்த ஊர் தவசியப்பனுக்கு ஒரு மனக்குறை. குடும்பத்தை எங்கே அழைத்துப் போனாலும் ஏதாவது ஒன்று ஆகிவிடுகிறது. போன வருஷம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனார். மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டு தரம் வாங்கிக் குடித்து, மணமக்களோடு போட்டோவும் எடுத்த பிறகுதான் அது வேறு யாருடைய கல்யாணமோ என்று தெரிந்தது. ஒரே ஒரு தடவையாவது வீட்டாரை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய் ஒழுங்காகக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று அவருக்கு வைராக்கியம்.

மந்திமலை வனப்பூங்காவில் 'குடும்பத்தோடு நடக்க ஏற்ற சுலபமான மலைப்பாதை' இருப்பதாகப் பேப்பரில் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டார்கள். தவசியப்பன், மனைவி பூமயில், எட்டு வயது மகள் முத்துப்பேச்சி, பூமயிலின் தம்பி சொர்ணக்காளை. இந்தச் சொர்ணக்காளை எதையும் இரண்டு முறை யோசிப்பவன். முதல் முறை யோசித்தது தப்பித்தவறிச் சரியாக இருந்தால் இரண்டாம் முறை திருத்திக்கொள்வான்.

பூங்கா வாசலில் குருசாமி என்ற வனக்காவலர் நின்றுகொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லாருக்கும் சொல்வதையே இவர்களுக்கும் சொன்னார்.

"பாறையில அங்கங்க மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே போங்க, வழி தப்பாது. காட்டுல இருந்து எதையும் எடுத்துட்டு வரக் கூடாது. நீங்க கொண்டுபோனது எதையும் காட்டுல விட்டுட்டு வரவும் கூடாது. இருட்டுறதுக்குள்ள இறங்கிடுங்க, யானை நடமாட்டம் இருக்கு. அட்டை கடிச்சா பிடிச்சு இழுக்காதீங்க. உப்புப் போட்டா தானா விழுந்துடும்."

ஒரு பொட்டலம் உப்பும் கொடுத்தார். தவசியப்பன் ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டார். இந்த முறை பிசகக் கூடாது.

முதல் அம்புக்குறி வரைக்கும் பிரச்சினை இல்லை. எதிரே பாறையில் பளிச்சென்று தெரிந்தது, பார்த்துக்கொண்டே போனார்கள். பாறையைத் தாண்டியதும் தவசியப்பன் நின்றுவிட்டார்.

"என்னங்க, ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் பூமயில்.

"அம்பு பின்னால போயிடுச்சு. அதைப் பார்த்துக்கிட்டே போகச் சொன்னாரு."

"அப்ப திரும்பி நில்லுங்க அத்தான்," என்றான் சொர்ணக்காளை. "பார்வை அம்பு மேல. கால் மட்டும் மலை மேல."

ஆகவே நால்வரும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னோக்கி ஏறினார்கள். இறங்கி வந்த ஒரு குடும்பம், இவர்கள் ஏறுகிறார்களா இறங்குகிறார்களா என்று புரியாமல் பாதையின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று வழிவிட்டது. பூமயிலை ஒரு முள்செடி பிடித்து வைத்துக்கொண்டது. சொர்ணக்காளை இடுப்பளவு ஓடையில் உட்கார்ந்தான்.

"ஓடை எப்ப வந்துச்சு மாப்ளே?" என்று தவசியப்பன் கவலையோடு விசாரித்தார்.

"நாம பார்க்காத நேரமாப் பார்த்து வந்திருக்கு அத்தான்."

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. ஏழு ஊர் தெரியும் இடம் அது. இவர்களுக்கு ஒரு பாறையும் அதில் ஓர் அம்புக்குறியும் தெரிந்தன. நல்ல காட்சி என்று பாராட்டிவிட்டுப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

பிரித்ததும் தவசியப்பனுக்குத் திக்கென்றது. "இது நாம கொண்டுவந்தது. சாப்பிட்டுட்டா எப்படித் திரும்பக் கொண்டுபோறது?"

பூமயில் யோசித்தாள். "வயித்துக்குள்ள இருந்தாலும் நம்மகூடத்தானே கீழ வருது?"

இப்படி ஒரு மனைவி வாய்த்ததற்குத் தவசியப்பன் உள்ளுக்குள் பெருமைப்பட்டார். நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

அப்போதுதான் முத்துப்பேச்சி, "மாமா, உங்க கால்ல கறுப்பா என்னமோ ஒட்டியிருக்கு," என்றாள். கெண்டைக்காலில் ஓர் அட்டை, சொந்த வீடு மாதிரி குடியிருந்தது.

"யாரும் இழுக்காதீங்க!" என்று தவசியப்பன் உத்தரவு போட்டார். "உப்புப் போடணும்."

"எதுல போடணும்?" என்று கேட்டாள் பூமயில்.

எதில் என்று குருசாமி சொல்லவில்லை. உப்புப் போடுகிற பொருளாகச் சுற்றுமுற்றும் இருந்தது மிச்சப் புளிச்சோறு ஒன்றுதான். பூமயில் உப்புப் பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டிப் பிசைந்தாள். சொர்ணக்காளை கண்ணில் நீர் வழிய ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தான். பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெடுநேரம் கழித்து, வயிறு நிறைந்த அட்டை தானாகவே கீழே விழுந்தது.

"விழுந்துடுச்சு!" என்று பூமயில் கைதட்டினாள். "உப்பு கொஞ்சம் மெதுவாத்தான் இறங்கியிருக்கு."

கிளம்பலாம் என்று எழுந்தபோது சொர்ணக்காளை மட்டும் எழவில்லை. இரண்டாம் முறையாக யோசித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், அது வயித்துல இருக்கறது என் ரத்தம். நான் கீழ இருந்து கொண்டுவந்தது."

தவசியப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொண்டுவந்ததை விட்டுப் போகக் கூடாது.

"அப்ப அட்டையையும் எடுத்துட்டுப் போயிடலாம்," என்றாள் பூமயில்.

"அட்டை காட்டோடது பூமயிலு. காட்டுல இருந்து எதையும் எடுக்கக் கூடாது."

"ரத்தத்தைத் திருப்பிக் கேட்டுத்தான் பாருங்களேன். நீங்க சொன்னா கேக்கும்."

தவசியப்பன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பதவிசாகப் பேசிப் பார்த்தார். "இந்தாப்பா, பசிக்குக் குடிச்சே, அதுல வருத்தமில்லை. ஆனா எங்களுக்கும் ஒரு சட்டதிட்டம் இருக்கு. கொஞ்சம் பெரிய மனசு பண்ணு." அட்டை ஓர் இலையின் மேல் சுருண்டு படுத்துக்கொண்டது.

வெயில் தாழ்ந்தது. குளிர்காற்று வீசியது. முத்துப்பேச்சி அம்மா மடியில் சுருண்டுகொண்டு, "அப்பா, யானை நம்மளைப் பார்த்துச்சுன்னா என்ன பண்ணும்?" என்று கேட்டாள். தவசியப்பன் இருட்டப்போகும் காட்டைப் பார்த்தார். கல்யாணம் மாறிப்போனால்கூடப் பாயசம் கிடைக்கும். இங்கே பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"மாப்ளே, ரத்தத்தை விட்டுட்டுப் போனாத்தானே தப்பு? ரத்தத்துக்கு உரியவன் நீ. நீ பக்கத்துல இருந்தா அது விட்டதா ஆகாது. நீ இங்கயே இரு. நாங்க மாசம் ஒரு தடவை வந்து பார்த்துக்கறோம்."

சொர்ணக்காளை ஒப்புக்கொண்டான். அக்காளும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மூவரும் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"அத்தான்! என்னையும் நீங்கதானே கொண்டுவந்தீங்க?"

மூவரும் திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழே மரக்கிளை ஒன்று மளுக்கென்று முறிந்தது. தவசியப்பன் மகளைப் பின்னால் தள்ளிவிட்டுக் கையை விரித்து நின்றார். புதரை விலக்கிக்கொண்டு வந்தது வனக்காவலர் குருசாமி. உள்ளே போனவர்கள் வரவில்லையே என்று தேடி வந்திருந்தார்.

வழக்கை முழுதும் கேட்டார். இவர்களையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்த ரத்தத்தை நான் பார்த்துக்கறேன். என் பொறுப்பு. நீங்க என் பின்னாலேயே வாங்க."

"ஓ பாசிட்டிவ் சார்," என்றான் சொர்ணக்காளை. "பத்திரமா வச்சிருங்க."

அவர் பின்னாலேயே போனார்கள். பாதி வழியில் அவர் அவசரமாக ஒரு புதர் மறைவுக்கு ஒதுங்கினார். நால்வரும் வரிசையாக ஒதுங்கினார்கள். அதற்குப் பிறகு வாசல் வரைக்கும் அவர் எங்கும் ஒதுங்கவில்லை.

வாசலுக்கு வெளியே அவர்களை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, "இப்ப பஸ் வரும். அதுதான் கடைசி பஸ். கையைக் காட்டுங்க, நிக்கும்," என்று சொல்லிக் கேட்டைப் பூட்டிக்கொண்டு தம் குடியிருப்புக்குப் போய்விட்டார்.

அந்தி மங்கலில் பஸ் வந்தது. தவசியப்பன் கையைக் காட்டினார். நின்றது.

"பார்த்தியா!" என்றார் பூரிப்போடு. "சொன்ன மாதிரியே நின்னுடுச்சு."

"எவ்வளவு அழகா நிக்குது!" என்றாள் பூமயில்.

கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார். "என்ன, ஏறலையா?"

"இல்லைங்க, நிக்கும்னு சொன்னாங்க. நின்னுடுச்சு. ரொம்பச் சந்தோஷம்."

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. முத்துப்பேச்சி ஆசையாகக் கையை ஆட்டி டாட்டா காட்டினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் பஸ் மறுபடியும் நின்றது.

தவசியப்பன் பதறிப்போய் மகள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கையை ஆட்டாதே பாப்பா. நீ ஆட்டுனா அவரு நின்னுக்கிட்டேதான் இருப்பாரு. பாவம், அவரும் வீடு போய்ச் சேர வேணாமா?"